பைல் நாட்டுக்கு வந்த அரபி

நான் தொழில் பழகிய டி.டி.பி. சென்டரில் அரபி என்றால் எழுத்து அல்ல, படம். திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த கடை. இரண்டு மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், எப்போதும் டோனர் தீரும் நிலையில் ஒரு லேசர் பிரின்டர். மார்க்க நூல்கள், நிக்காஹ் பத்திரிகை, நோன்பு கால அட்டவணை, மதரஸா ரசீதுப் புத்தகம் என்று வேலை வரும். தமிழை நாங்கள் அடிப்போம். அரபி வருகிற இடத்தில் வெற்றுக் கட்டம் விட்டுவைப்போம். கையெழுத்து அழகாக உள்ள ஒருவரிடம் எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து அந்தக் கட்டத்தில் உட்கார வைப்போம். பிற்பாடு வேர்டில் அடித்துப் படமாக்கி ஒட்டினோம். எப்படிச் செய்தாலும் படம் படம்தான். ப்ரூஃபில் தமிழ் ஒரு வரி கூடினால் போதும், பின்னால் உள்ள அரபிக் கட்டங்கள் எல்லாம் ஒரு வரி மேலேயே நின்றுவிடும். "அரபியைத் தள்ளி வை" என்று முதலாளி குரல் கொடுப்பார். புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் அந்த வேலை என் தலையில்.

அந்த வட்டாரத்தில் இது பழம்போக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. 1927 முதல் வரும் 'முசல்மான்' உருது நாளிதழை அங்கேதான் காத்திபுகள் கையால் எழுதி அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

படம் ஒட்டியதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. தமிழ் அச்சுத் தொழிலே அப்போது பேஜ்மேக்கரில் ஓடியது. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருள் நின்றுபோனாலும் நம் ஊர்க் கடைகளில் அதற்குப் பிறகும் வெகுகாலம் அதுதான் ராஜா. அதற்கு யூனிகோடு தெரியாது. இருநூறு சொச்சம் இடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வடிவம், அடித்த வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்கும். அவ்வளவுதான் அதன் ஞானம். ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து ஃபாண்ட் செய்தோம். 'கொ' வேண்டுமா, ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்று விசை தட்டு. மென்பொருளைப் பொறுத்தவரை அது ஏதோ மூன்று ஆங்கில எழுத்து. திரையில் பார்ப்பவனுக்கு 'கொ'. இந்தத் தந்திரத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ புத்தகங்கள் வந்திருக்கின்றன, குறை சொல்லமாட்டேன். அரபியில் அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பது எனக்குப் புரிய, நான் மலையேறி வீடு திரும்ப வேண்டியிருந்தது.

பைல் நாடு கொல்லிமலையின் நாடுகளில் ஒன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேல்மலை. அங்கிருந்து எங்கள் ஊருக்கு இன்னும் போக வேண்டும். சாமை, மரவள்ளி, சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகுக் கொடி, காபி, பலா. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது சென்னையில் கடை மூடி, கையில் ஒரு லேப்டாப்போடு வந்து சேர்ந்தேன். கொஞ்ச நாளில் எங்கள் பழைய வாடிக்கையாளரான பதிப்பக பாய் போன் செய்தார். மக்தபில் ஓதும் பிள்ளைகளுக்கு ஒரு துஆப் புத்தகம். சாப்பிடும்போது, தூங்கும்போது, பயணம் கிளம்பும்போது ஓத வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் அரபி மூலம் உயிர்க்குறிகளோடு, கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, அதன் கீழே பொருள். பழைய பதிப்பின் ஃபைல் இருக்கிறது, ஆனால் அரபி பெரும்பாலும் மங்கிய படங்கள். இந்தத் தடவை அரபியை எழுத்தாகவே வைக்க வேண்டும், வேர்டில் சுத்தமாக அடித்து அனுப்புகிறோம் என்றார். மெய்ப்புப் பார்க்க ஒரு ஹஜ்ரத். வேலூரில் ஓதியவர், பல வருஷம் மக்தபில் சொல்லிக்கொடுத்தவர்.

எனக்கு அரபி வாசிக்கத் தெரியாது. அது பாய்க்கும் தெரிந்த விஷயம். "வடிவம் பார்க்கிற கண்ணு இருந்தா போதும் தம்பி, ஓதுறதுக்கு ஹஜ்ரத் இருக்காங்க" என்றார்.

வீட்டில் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பாறை. அதன்மேல் ஏறினால் இரண்டு கோடு வரும். ராத்திரி வேலை, காலையில் பாறை, பி.டி.எஃப். அனுப்புவது, முந்தைய நாள் திருத்தங்களைக் குரல் செய்தியாக இறக்கிக்கொள்வது. ஒரு வாரம் மழையும் கரண்டும் சேர்ந்து படுத்தியதில், "பைல் நாட்டிலேர்ந்து பைல் வரலையே" என்று பாய் கிண்டல் செய்தார். அந்தக் கிண்டலை அவர் கடைசிவரை விடவில்லை.

முதல் பி.டி.எஃப்.புக்கு ஹஜ்ரத் அனுப்பிய பதில் இன்னும் நினைவிருக்கிறது. "தம்பி, எழுத்தெல்லாம் இருக்கு, ஒண்ணு கூட விட்டுப்போகல. ஆனா ஒண்ணோட ஒண்ணு சேரல. அதுவும் இடப்பக்கத்துலேர்ந்து நிக்குது. இதை நான் எப்படி ஓத?"

அரபியில் 28 எழுத்து. பெரும்பாலானவற்றுக்கு நான்கு உருவம்: தனித்து நிற்கும்போது ஒன்று, சொல்லின் முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. அலிஃப், தால், ரே, வாவ் உட்பட ஆறு எழுத்துகள் தமக்கு முன்னால் வருவதோடு சேரும், பின்னால் வருவதோடு சேராது. லாமுக்கு அடுத்து அலிஃப் வந்தால் இரண்டும் ஒரே உருவமாகியே தீர வேண்டும், அது விருப்பம் இல்லை, விதி. இவை எதுவும் ஃபைலில் எழுதியிருக்காது. ஃபைலில் இருப்பது 'லாம், அலிஃப்' என்ற வரிசை மட்டும். எந்த உருவத்தைப் போடுவது என்பதை வரைகிற நேரத்தில் மென்பொருள் பக்கத்து எழுத்தைப் பார்த்து, ஃபாண்டுக்குள் இருக்கும் அட்டவணைகளைக் கேட்டு முடிவு செய்கிறது. அப்படிக் கேட்கவே செய்யாத அமைப்பில் கொடுத்தால் 28 எழுத்தும் தனி உருவத்தில், வந்த வரிசையில், இடமிருந்து வலமாக வந்து நிற்கும். ஹஜ்ரத் பார்த்தது அதைத்தான்.

நான் இன்டிசைனில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதில் பத்தி ஸ்டைலுக்குள் ஜஸ்டிஃபிகேஷன் பக்கத்தில் 'கம்போசர்' என்று ஒரு சின்னப் பட்டியல் உண்டு. வழக்கமாக இருப்பது ஐரோப்பிய எழுத்துகளுக்கான கம்போசர். 'வேர்ல்டு-ரெடி' என்று இன்னொன்று இருக்கிறது. எழுத்தைச் சேர்ப்பது, திசையைத் திருப்புவது, குறியை அதனதன் இடத்தில் வைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. பழைய பேஜ்மேக்கர் ஃபைலிலிருந்து வந்த ஸ்டைல்கள் என்பதால் எல்லாப் பத்தியும் முதல் வகையில் இருந்தன. தமிழ் அதில் குறையில்லாமல் தெரிந்ததால் அதைத் திறந்து பார்க்கவே யாருக்கும் அவசியம் வந்ததில்லை. மாற்றினேன். லாமும் அலிஃபும் சேர்ந்தன. வரி வலப்பக்கம் போனது.

வேலை முடிந்துவிட்டதென்று நினைக்கிற நேரத்தில் தமிழ் கெட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

தலைப்பு வரிகள் எல்லாம் முதலில் அரபி, பிறகு தமிழ். அரபி முன்னால் வருவதால் பத்தியின் திசையை வலமிருந்து இடமாக வைத்திருந்தேன். 'சாப்பிடும் முன்' என்ற தலைப்பில் கடைசி 'ன்'னின் புள்ளி கழன்று, 'சா'வுக்கும் முன்னால் போய் ஒற்றையாய் நின்றது. நடுவில் இருந்த 'ப்', 'ம்' புள்ளிகள் அசையவில்லை. 'ஜனாஸா தொழுகை' என்ற தலைப்பில் அதைவிட மோசம். ஜ இருந்த இடத்தில் ஸ, ஸ இருந்த இடத்தில் ஜ. சொல் துண்டு துண்டாகக் கிடந்தது. ஃபாண்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து நீக்கி மறுபடி போட்டேன். மாற்றமில்லை.

அந்த ஃபைலின் தமிழ் பாமினி வகை ஃபாண்ட். பாமினியில் மெய்ப்புள்ளி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பழைய ஆபரேட்டர்களுக்கு விரலே சொல்லும்: அரைப்புள்ளி விசையில். ஜ இருப்பது திறக்கும் சதுர அடைப்பில், ஸ இருப்பது மூடும் சதுர அடைப்பில். பழைய கம்போசர் இதையெல்லாம் கண்டுகொள்ளாது, வடிவத்தை வைத்துவிட்டுப் போய்விடும். புதியது அப்படி இல்லை. ஒவ்வொரு எழுத்தும் எந்தத் திசையைச் சேர்ந்தது என்று கேட்கும். ஆங்கில எழுத்து என்றால் இடமிருந்து வலம். அரபி என்றால் வலமிருந்து இடம். நிறுத்தக்குறிக்குச் சொந்தத் திசை கிடையாது, அக்கம்பக்கத்தைப் பார்த்து முடிவாகும். நம் 'சாப்பிடும் முன்' அதன் கணக்கில் சில ஆங்கில எழுத்துகளும் சில அரைப்புள்ளிகளும். இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு நடுவில் மாட்டிய அரைப்புள்ளி தன் இடத்தில் இருந்தது. வரியின் கடைசியில் இருந்த அரைப்புள்ளி, பத்தி வலமிருந்து இடம் என்பதால், இடக்கோடிக்குப் போனது. அடைப்புக்குறிகளோ வலமிருந்து இடம் வரும்போது கண்ணாடியில் தெரிவது போலத் திரும்ப வேண்டும் என்பது விதி. திறப்பது மூடுவதாகவும் மூடுவது திறப்பதாகவும் மாறும். ஜ ஸவாகவும் ஸ ஜவாகவும் ஆனது அப்படித்தான். மென்பொருள் ஒரு பிழையும் செய்யவில்லை. அதனிடம் நாங்கள் தமிழைத் தமிழ் என்று சொல்லவே இல்லை.

அந்த ராத்திரி எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அரபியைச் சரி செய்ய உட்கார்ந்தவன் கடைசியில் சரி செய்ய வேண்டியிருந்தது தமிழை. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசாணையும் வந்தது. ஆனால் அச்சுக்கடையில் தமிழ் ஆங்கில வேஷத்திலேயே இருந்தது, அந்த வேஷம் யாரையும் உறுத்தவில்லை. பக்கத்தில் அரபி வந்து நின்றதும்தான் கலைந்தது.

புத்தகம் முழுவதும் தமிழை யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றித் தரும் கருவிகள் உண்டு; ஆனாலும் உச்சரிப்பு வரிகளில் வேலை நின்றது. 'ஃ' சேர்த்து எழுதுகிற ஒலிகள், வுளூ, ரமளான் என்று 'ள' போட்டு எழுதுகிற வழக்கம், எங்கெங்கோ ஆபரேட்டர் சொந்தமாகச் சேர்த்த கோடுகள். பழக்கதோஷத்தில் கொம்பை முன்னால் அடித்த இடமெல்லாம் புள்ளிகளாலான ஒரு வட்டம் முளைத்து, அதன்மேல் கொம்பு தொங்கிக்கொண்டிருந்தது. 'எனக்குரிய எழுத்து எங்கே' என்று குறி கேட்கிற அடையாளம் அது. அரபியில் ஆதார எழுத்து இல்லாமல் ஒரு குறியை அடித்தாலும் அதே வட்டம்தான் வரும்.

அடுத்த கோளாறு அடைப்புக்குறிக்குள் வரும் எண்கள். பொருள் பகுதியில் தமிழ் வாக்கியத்துக்கு நடுவே சிறு அரபிச் சொற்றொடர், அதையடுத்து அடைப்புக்குள் அத்தியாயமும் வசனமும்: ஆயத்துல் குர்ஸி என்றால் (2:255). அச்சில் 2:255 அரபிக்கு இடப்பக்கம் தாவி நிற்கும். பழைய மென்பொருள்களில் மூடும் அடைப்பு மட்டும் வலப்பக்கம் அனாதையாக இருக்கும். அரபியை ஒட்டி வரும் எண்ணை அரபியோடு சேர்த்துக்கொள்வதும் விதிதான். எங்கள் மலைப் பாதையில் பஸ் ஒரு வளைவில் கிழக்கே முகம் வைத்திருக்கும், அடுத்த வளைவில் மேற்கே. ஏறுவதென்னவோ ஒரே மலையைத்தான். இரு திசை வரியும் அப்படி. எங்கே வளைவு முடிகிறது என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். அதற்கென்றே யூனிகோடில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கிறது: 'இங்கிருந்து இடமிருந்து வலம்' என்று சொல்கிற, அகலமே இல்லாத எழுத்து. அரபி முடிந்ததும் அதை ஒன்று வைத்தால் எண் தமிழோடு நடக்கும். அடைப்புக்குறிகளை ஜோடியாகப் பார்க்க வேண்டும் என்று யூனிகோடு விதியையே 2013இல் திருத்தினார்கள். அதனால் புதிய மென்பொருள்களில் அடைப்பு அனாதையாவதில்லை; ஆனால் எண்ணும் அடைப்புமாகச் சேர்ந்து இடப்பக்கம் தாவும். அந்தக் குறி எப்படியும் தேவை. தேடி மாற்றும் வசதியில் ஒரே கட்டளையாகப் போட்டுவிட்டேன்.

டிராக்கிங் விவகாரம் சின்னது, ஆனால் தொழில் செய்கிறவர்களுக்கு உபயோகம். தமிழ்ச் சொற்கள் நீளம். வரி நிரம்ப எழுத்திடைவெளியைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பழகியவர்கள் நாங்கள். அரபியில் அதைத் தொட்டால் சேர்ந்த எழுத்துகளுக்கு நடுவே மயிரிழை விழும். திரையில் தெரியாது, அச்சில் தெரியும். அரபி ஸ்டைலில் டிராக்கிங்கும் எழுத்திடைவெளியும் சுழி. அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் பிறகு ஹஜ்ரத்தோடு நேரடியாகப் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்று வந்தது. பாறைமேல் உட்கார்ந்து பேசினேன். அவர் பக்கம் பக்கமாக ஓதிக்கொண்டே வருவார், நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன். சரளமாகப் போய்க்கொண்டிருந்த குரல் திடீரென்று நின்றது.

"தம்பி, இந்த துஆ முடிவுல ஆரம்பிக்குது."

"புரியலை ஹஜ்ரத்."

"கடைசில ஓத வேண்டியது மேல் வரில இருக்கு. ஆரம்பம் கீழ் வரில இருக்கு. ஒவ்வொரு வரிக்குள்ளயும் சரியாத்தான் இருக்கு."

எனக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. அந்தப் பக்கத்தின் அரபி மற்ற பக்கங்களைப் போல வேர்டிலிருந்து வந்ததல்ல என்பது மட்டும் தெரிந்தது. பழைய ஃபைலில் சில துஆக்கள் படமாக இல்லாமல் எழுத்தாகவே இருந்ததால் அப்படியே விட்டுவைத்திருந்த பக்கங்கள் அவை. ஒரு எழுத்தைத் தேர்ந்து அதன் குறியெண்ணைப் பார்த்தேன். வழக்கமான அரபி வரிசை எண் இல்லை. யூனிகோடில் 'வடிவங்கள்' என்று தனியே ஒரு பகுதி உண்டு. முதல்நிலை பே, இடைநிலை பே, கடைநிலை பே என்று உருவத்துக்கு ஒரு எண். பழைய குறியீடுகளோடு ஒத்துப்போவதற்காக வைத்தது. அரபி தெரியாத மென்பொருளுக்குள் அரபியை நுழைக்க யாரோ ஒரு புண்ணியவான், முன்னமே சேர்த்துவைத்த வடிவங்களை எடுத்து, வாக்கியத்தைப் பின்னாலிருந்து முன்னாக அடுக்கித் தந்திருந்தார். இடமிருந்து வலமாக மட்டும் போகத் தெரிந்த மென்பொருள் அதை வைத்தால் கண்ணுக்கு வலமிருந்து இடமாக வாசிக்கும். ஒரே வரியாக இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளுக்காக எழுத்தைப் பெரிதாக்கியதும் வரி உடைந்தது. பின்னாலிருந்து அடுக்கியதால் முடிவு மேல் வரியில் விழுந்தது. கம்போசரை மாற்றினால் இருக்கிற வரியும் தலைகீழாகிவிடும்.

'கொ'வுக்குக் கொம்பை முன்னால் தட்டிய அதே புத்திதான் இது. தமிழில் ஓர் எழுத்துக்குள் செய்த வேலையை இங்கே ஒரு வாக்கியம் முழுக்கச் செய்திருக்கிறார்கள். தமிழில் வரி உடைந்தாலும் எழுத்து உடையாது, அதனால் பிழைத்தோம். ஓதத் தெரிந்த ஒருவர் அன்று இல்லாவிட்டால் அது அப்படியே அச்சாகியிருக்கும். பார்வைக்கு அத்தனை அழகாக இருந்தது.

இதற்கு மருந்தும் யூனிகோடிலேயே உண்டு. வடிவ எண்களை மூல எழுத்தாக்கும் அட்டவணையை அவர்களே தருகிறார்கள். அதை ஓடவிட்டு, வரிசையைத் திருப்பிப்போட்டால் முடிந்தது. அதில் ஒரு வேடிக்கை நடந்தது. நபிகள் பெயருக்குப் பின் வரும் 'சல்லல்லாஹு அலைஹி வசல்லம்' முழுவதையும் ஒரே சிறு முத்திரையாக வரைந்து ஒரு குறியெண் கொடுத்திருக்கிறது யூனிகோடு. அதே அட்டவணை அந்த ஒற்றைக் குறியை, இடைவெளியும் சேர்த்து, 18 எழுத்தாக விரிக்கும். தமிழ் வரிகளுக்கு நடுவே அடக்கமாக உட்கார்ந்திருந்த முத்திரைகளெல்லாம் ஒரே நொடியில் நீண்டு, பக்கங்கள் அடுத்த பக்கத்துக்கு வழிந்தன. அந்தக் குறியை மட்டும் விலக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன்.

ஃபாண்ட் தேர்வில் எனக்கும் ஹஜ்ரத்துக்கும் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது, இழுபறி. எனக்குப் பிடித்தது அமீரி. கெய்ரோவின் புலாக் அச்சகம் 1905இல் வார்த்த ஈய எழுத்தைப் பார்த்து, காலித் ஹுஸ்னி என்ற எகிப்தியர் உருவாக்கி இலவசமாகக் கொடுத்த எழுத்துரு. குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. ஷத்துக்கு மேல் ஃபத்ஹா வந்தாலும் அளவோடு நிற்கும். ஹஜ்ரத்துக்கும் அழகு பிடித்தது. ஆனால், "நம்ம பிள்ளைங்க இந்தியா எழுத்துல ஓதிப் பழகினதுங்க. சுகூன் இங்க வேற மாதிரி இருக்கும், திணறுங்க" என்றார். நியாயம். வட நாட்டிலும் தெற்கிலும் பிள்ளைகள் ஓதும் குர்ஆன் பிரதி கல்லச்சுக் காலத்து வழிவந்தது. லக்னோவில் 1858இல் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் காத்திபின் கையெழுத்தைக் கல்லில் ஏற்றி அச்சிட்டுக் குவித்தது. ஈய எழுத்தில் அரபிக்கு நூற்றுக்கணக்கான அச்சுகள் வேண்டும். கல்லுக்கு ஒரு கை போதும்.

தமிழுக்கு 1578லேயே கொல்லத்தில் ஈய எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்துவிட்டது. அதே தமிழை அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் மட்டும் கல்லச்சை நம்பின. அரபியில் இல்லாத ப, ட, ங போன்ற ஒலிகளுக்கு அரபி எழுத்திலேயே புள்ளி கூட்டிக்கொண்டார்கள் கீழக்கரை, காயல்பட்டினத்து ஆலிம்கள். 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அதில் பெரும் நூல்களே செய்திருக்கிறார். அந்தப் புள்ளிகளைக் கல்லில் எழுத எந்தக் கம்போசரின் அனுமதியும் தேவைப்படவில்லை. இப்போது அதில் ஒரு பக்கத்தைக் கணினியில் கோக்க வேண்டுமென்றால் முதலில் ஃபாண்டைத் தேட வேண்டும்.

இந்தியப் பாணியில் ஃபாண்டுகள் கிடைக்கத்தான் கிடைத்தன. சிலவற்றில் சிக்கல் வேறு: தம் விருப்பத்துக்கு எண் வைத்துக்கொண்டவை. ஃபாண்டை மாற்றினால் எழுத்து குப்பையாகும். பாமினியில் பட்டது போதாதா? மதீனாவின் மன்னர் ஃபஹத் குர்ஆன் அச்சகம்கூட ஒரு வரிசை ஃபாண்டுகள் வைத்திருக்கிறது. முஸ்ஹஃபின் 604 பக்கத்துக்கும் பக்கத்துக்கு ஒன்று, அதற்குள் ஒவ்வொரு சொல்லும் ஒரு வடிவம். வரி ஓர் அணுவும் அசையக் கூடாது என்று முடிவெடுத்தவர்களுக்கு அது சரி. திருத்தி மாற்றி மறுபதிப்புப் போடுகிற துஆப் புத்தகத்துக்குச் சரிவராது. கடைசியில் அமீரியே நின்றது. எழுத்தைப் பெரிதாக்கி, மேல் வரியின் கஸ்ரும் கீழ் வரியின் ஷத்தும் இடிக்காதபடி லீடிங்கைத் தாராளமாக வைத்து ஒரு பக்கம் அனுப்பினேன். "துஆவுக்கு இது போதும். குர்ஆன்னா விட்டிருக்கமாட்டேன்" என்று ஹஜ்ரத் இறங்கிவந்தார்.

'அல்லாஹ்' என்ற சொல்லில் மட்டும் அவர் இறங்கவில்லை. பல ஃபாண்டுகள் லாம், லாம், ஹே அடுத்தடுத்து வந்தால் ஷத்தையும் சிறு அலிஃபையும் தாமே சேர்த்து வரையும். நம் மூலத்தில் குறிகள் ஏற்கெனவே இருந்தால் அந்தத் தானியங்கி வேலை நிற்க வேண்டும். சில ஃபாண்டுகளில் நிற்காமல் குறி இரட்டிக்கும். புத்தகம் முழுக்க அந்தச் சொல்லை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

அச்சகத்திலிருந்து கடைசியாக வந்த கேள்வி, "பைண்டிங் எந்தப் பக்கம்ணா?" தமிழ்ப் புத்தகமென்றால் முதுகு இடப்பக்கம். அரபிப் புத்தகமென்றால் வலப்பக்கம். பாய் தமிழ் முறை என்றார். ஹஜ்ரத் எதிர்க்கவில்லை, ஆனால் மக்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் பின்னட்டையைத்தான் முதலில் திறக்கும் என்றார், கண்ணால் கண்டவர். சரி, அந்தக் கடைசிப் பக்கத்தில் அரபி அரிச்சுவடி அட்டவணையை வைத்துவிடலாம் என்று முடிவானது. 28 எழுத்து, ஹம்ஸாவையும் சேர்த்து 29 வரி. ஒவ்வொன்றுக்கும் தனி, முதல், இடை, கடை என்று நான்கு கட்டம்.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த எழுத்துகளை இப்போது பிரித்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் எழுத்தே இல்லாமல் 'இடை' உருவம் வராது. கட்டத்துக்குள் தனியாக அடித்தால் தனி உருவம்தான் வரும். எழுத்துக்கு இரு பக்கமும் 'இங்கே ஒன்று சேர்கிறது' என்று பொய் சொல்லும் இன்னொரு அகலமில்லாத குறியை வைத்தேன். எல்லாம் சரியாக விழுந்தது. சேராத ஆறு எழுத்துகளுக்கோ முதல், இடை என்ற கட்டங்களில் போட புதிதாக ஒன்றும் இல்லை. தனி உருவமே முதல், கடை உருவமே இடை. காலியாக விடுவது சுத்தமாக இருக்குமே என்று அவரிடம் கேட்டேன்.

"காலியா விடாதீங்க தம்பி," என்றார் ஹஜ்ரத், "பென்சிலால எதையாவது எழுதிடுவானுங்க. உள்ளதையே மறுபடி போடுங்க."